பந்து போடாத மிஸ்

எங்கள் மிஸ் பந்தை வளையத்துக்குள் போட்டு நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. சிவகாசியில் நான் கூடைப்பந்து ஆடப் போன காலத்தில், ஆட்டத்தைவிட எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது இதுதான்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தேன். அப்பா ஒரு அச்சகத்தில் வெடிப்பெட்டி லேபிள் ஓட்டும் மெஷினில் இருந்தார். ஊர் முதலாளிமார் சிலர் சேர்ந்து நடத்திய கிளப்பில் பையன்கள் அணி வெகுகாலமாக இருந்தது. பெண்கள் அணிக்கு அது இரண்டாவது வருஷம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வங்கி ஊழியர் மாற்றலாகித் திருநெல்வேலிக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர்தான் மிஸ். முப்பது வயது இருக்கலாம். ஆமத்தூரிலிருந்து மொபெட்டில் வருவார். வந்ததும் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு விசிலை ஊதினால், நாங்கள் ஓட ஆரம்பிக்க வேண்டும்.

அவருடைய பயிற்சி பழைய சாருடையது மாதிரி இல்லை. பாதி நேரம் பந்தே இருக்காது. முழங்காலை மடக்கி, கைகளை விரித்து, பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர வேண்டும். சில நாள் நான்கு பேரைக் கைகோக்கச் சொல்லி நிறுத்துவார். எதிரே ஒருத்தி பந்தைத் தட்டிக்கொண்டு வருவாள். அவள் எந்தப் பக்கம் போனாலும் நான்கு பேரும் கை விடாமல் அந்தப் பக்கம் நகர வேண்டும்.

"அவ கண்ணப் பாக்காத புள்ள, கண்ணு பொய் சொல்லும். இடுப்பப் பாரு. இடுப்பு போற பக்கந்தான் ஆளு போவா" என்பார்.

பக்கத்துக் கோர்ட்டில் ஆடும் பையன்கள் இதைப் பார்த்துவிட்டு, "அங்கன பாருலே, பொண்ணுக பாஸ்கெட்பால் கோர்ட்டுல சடுகுடு ஆடுதாக!" என்று கத்திச் சிரித்தார்கள். எங்களுக்குக் கோபம் வந்ததே தவிர, யோசனை வரவில்லை.

வளையத்தில் போட்டுப் பழகும் நேரத்தில் மட்டும் மிஸ் போர்டுக்குக் கீழே போய் நின்றுகொள்வார். விழுகிற பந்தைப் பிடித்துத் திருப்பி எறிவார். யாருக்காவது கை சரியாக வரவில்லை என்றால், எங்களில் உயரமானவளைக் கூப்பிட்டு, "நீ போட்டுக் காமி" என்பார். தாயில்பட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவள் அவள். வெடி ஆபீசில் பட்டாசு சுற்றும் அவளுடைய அம்மாவும் அதே பஸ்ஸில் ஏறிப் பாதி வழியில் இறங்கிவிடுவார்.

மிஸ் ஏன் பந்து போடுவதில்லை என்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தோம். மாநில அணிக்கு ஆடியபோது தோள்பட்டை இறங்கிவிட்டது என்றாள் ஒருத்தி. திருச்செந்தூருக்கு ஏதோ நேர்ந்திருப்பார் என்றாள் இன்னொருத்தி. தாயில்பட்டிக்காரி, "கல்யாணத்துக்கப்புறம் பந்தத் தொடக் கூடாதுன்னு மாமியா சொல்லிருக்கும்" என்றாள். எனக்கு எதுவும் ஒட்டவில்லை. தோள்பட்டை இறங்கியவர் அவ்வளவு வேகமாகப் பந்தைத் திருப்பி எறிய முடியுமா?

ஒருநாள் துணிந்து, வளையத்துக்கு நேர் கீழே நின்றவர் கையில் பந்தைக் கொடுத்தேன்.

"மிஸ், ஒண்ணே ஒண்ணு போடுங்க மிஸ்."

பந்தைப் பார்த்தார். அண்ணாந்து வளையத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் போட்டுக்கிட்டிருந்தா நீ எப்பப் படிக்கப் போற?"

பந்து என் வயிற்றில் வந்து விழுந்தது.

"நீங்க எந்த டீமுக்கு மிஸ் ஆடுனீக?"

"ஜெயிச்ச டீமுக்கு. போ, ரெண்டு ரவுண்டு ஓடு."

வீட்டில் அப்பாவிடமும் கேட்டேன். கிளப் செயலாளருடைய அச்சகத்தில்தான் அவர் வேலை பார்த்தார், விசாரித்துச் சொல்லலாமே என்று நினைத்தேன். "ஒனக்குப் பந்து ஆடணுமா, துப்பறியணுமா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். உண்மையில் எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

அந்த வருஷம் மதுரையில் ஒரு போட்டிக்குப் போனோம். முதல் ஆட்டத்திலேயே பெரிய பள்ளி ஒன்றின் அணி. எங்களைவிட ஒரு தலை உயரம், எல்லோரும் ஒரே மாதிரி ஷூ. எங்களால் அதிகம் கூடை போட முடியவில்லை. ஆனால் அவர்களால் எங்களைத் தாண்டவே முடியவில்லை. அவர்கள் தோளை ஆட்டி ஏமாற்றிப் பார்த்தார்கள், நாங்கள் இடுப்பைப் பார்த்துக்கொண்டு நகர்ந்தோம். சொற்பப் புள்ளிகளில் ஆட்டம் முடிந்தது. ஜெயித்துவிட்டோம். அடுத்த ஆட்டத்தில் தோற்றோம் என்றாலும், அன்றைக்கு எங்கள் கால் தரையில் இல்லை.

தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தபோது, பந்தோபஸ்துக்கு வந்திருந்த பெண் போலீஸ் ஒருவர் மிஸ்ஸையே உற்றுப் பார்த்தபடி வந்தார். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நான் பயந்தேன். பக்கத்தில் வந்ததும் மிஸ் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தார்.

"ஏ, நீ மல்லாங்கிணறு கார்னர்தானே?"

"மெதுவாப் பேசு. பிள்ளைக நிக்குது."

"நின்னா என்ன, தெரிஞ்சிக்கிடட்டும்!" போலீஸ்கார அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். ஷூவை லேசாகக் கீழே தள்ளிக் கணுக்காலைக் காட்டினார். "இந்தக் காலப் பிடிச்சா பாருங்க, உடும்புப் பிடி. கோடு ஒரு சாண் தூரத்துல இருக்கு, தொட முடியல. என் மூச்சும் போச்சு, பாட்டும் போச்சு. கபடியில இவ நிக்கிற மூலப்பக்கமே நாங்க போக மாட்டோம்."

"கபடியா?" என்றாள் தாயில்பட்டிக்காரி.

மிஸ் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் இடம் பிடித்து மிஸ்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். திருமங்கலம் தாண்டும்வரை பொறுத்திருந்தேன்.

"மிஸ், பாஸ்கெட்பால் எப்ப மிஸ் ஆடுனீக?"

"எப்பவுமே ஆடல."

இப்படி நேராகச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. அவரே தொடர்ந்தார். மல்லாங்கிணற்றுப் பக்கம் மானாவாரிக் காடுதான், மழை பெய்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் பொட்டல். அறுத்த காட்டில் கோடு போட்டு ஆடத் தொடங்கியவர். கபடியால் கல்லூரியில் இடம் கிடைத்தது, உடற்கல்வி படித்தார், ஒரு பள்ளியில் தற்காலிக வேலை. கல்யாணத்துக்குப் பிறகு புகுந்த வீட்டில் கபடி ஆடக் கூடாது என்றார்கள்.

"சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. அதனால வந்தேன்" என்று சிரித்தார்.

"பாஸ்கெட்பால் தெரியாதுன்னு செயலாளர்கிட்டச் சொல்லலையா மிஸ்?"

"அவுக கேக்கவே இல்லையே. 'பொண்ணுகள வெளியூருக்குப் பத்திரமாக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துருவீகளா?'ன்னு கேட்டாக. அது ஒண்ணுதான் கேட்டாக. போயிட்டு வந்துருவேன்னு சொன்னேன்."

பிறகு எப்படிக் கற்றுக்கொண்டார் என்று கேட்டேன். விருதுநகரில் பையன்கள் போட்டி நடக்கும்போதெல்லாம் போய், புள்ளி எழுதும் மேசையில் உதவிக்கு உட்கார்ந்து பார்த்தாராம். நடுவர் விசில் ஊதும்போதெல்லாம் ஏன் என்று கேட்பாராம். "ஆறு மாசத்துல சட்டம் பூராத் தெரிஞ்சிபோச்சு. கைதான் தெரியல" என்று தன் உள்ளங்கையைப் புரட்டிப் பார்த்தார்.

நான் நினைத்திருந்த எந்தக் கதையைவிடவும் இது எனக்குப் பிடித்திருந்தது. இரவு படுத்தபின்னும் யோசித்தேன். கபடியில் ஆளைப் பிடிக்க வேண்டும், இங்கே ஆளைத் தொட்டாலே ஃபவுல். இரண்டுக்கும் நடுவில் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட வேண்டும் என்று அவர் தனியாக உட்கார்ந்து பிரித்திருக்கிறார் அல்லவா? அந்த வேலை எப்படி நடந்திருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

எங்களில் யாரோ வீட்டில் போய்ப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரமே, அணியில் ஆடிய ஒருத்தியின் அப்பா, வெடி கம்பெனி வைத்திருப்பவர், செயலாளரைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கே வந்துவிட்டார். மிஸ்மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

"நல்லாத்தான் பாத்துக்கிடுறாக. ஆனா பக்கத்து மாவட்டமெல்லாம் சேந்து ஆடுற டிவிஷன் போட்டிக்குப் போகணும்னா ஆடத் தெரிஞ்ச ஆள் வேணாமா?" என்று மிஸ் முன்னாலேயே கேட்டார்.

மிஸ்தான் பதில் சொன்னார்.

"வேணும்தாங்க. நானே கேக்கணும்னு நெனச்சேன். கூட்டியாங்க."

பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பு முடித்த ஒரு சார், விருதுநகரிலிருந்து சனி ஞாயிறுகளில் வருவதாக ஏற்பாடானது. மிஸ்ஸை நிறுத்திவிடுவார்கள் என்று நாங்கள் பயந்தோம். முதல் சனிக்கிழமை சார் ஓரமாக நின்று ஆட்டத்தைப் பார்த்தார். முடிந்ததும் மிஸ்ஸிடம், "இந்த டிஃபன்ஸை நீங்க எங்க மேடம் படிச்சீங்க?" என்று கேட்டார்.

"நான் கபடிக்காரி சார். தெரிஞ்சத வச்சு ஓட்டுறேன்."

சார் தலையாட்டினார். "அப்ப அது உங்க பொறுப்பு. அதுல நான் கை வைக்கல. கூடை போடுறது மட்டும் நான் பாத்துக்கிறேன்."

எங்களை வரிசையாக நிற்கச் சொன்னார். ஓடிவந்து இரண்டு எட்டு வைத்து, போர்டில் பட்டுப் பந்து விழும்படி போட வேண்டும். என் முறைக்குக் காத்திருந்தபோது பின்னால் திரும்பிப் பார்த்தேன். வரிசையின் கடைசியில் மிஸ் நின்றிருந்தார், விசிலைக் கழற்றிக் கையில் சுற்றியிருந்தார்.

அவர் முறை வந்தது. ஓடிவந்தார், கால் மாறிப்போனது, பந்து போர்டின் அடிவிளிம்பில் பட்டு அவர் தலைக்கே திரும்பி வந்தது. யாருக்கும் சிரிக்கத் தைரியமில்லை. மிஸ்ஸே முதலில் சிரித்தார். பிறகுதான் நாங்கள் சிரித்தோம். "மறுபடியும் மேடம்" என்று மட்டும் சொன்னார் சார். மறுபடியும் வரிசைக்குப் போய் நின்றார். ஒவ்வொரு வாரமும் நின்றார். ஒருமுறை பந்து வளையத்துக்கும் போர்டுக்கும் இடையில் சிக்கிக்கொள்ள, தாயில்பட்டிக்காரி குதித்துத் தட்டிவிட்டாள். எங்களுக்கு வராததெல்லாம் அவருக்கும் வராததைப் பக்கத்திலிருந்து பார்த்தபோது, அந்த வித்தை மேல் எனக்கு இருந்த பயம் போய்விட்டது.

சாரையும் நான் விடவில்லை. நீங்கள் எப்படி இந்த ஆட்டத்துக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் வீட்டில் ஆறு பிள்ளைகளாம். விளையாட்டு விடுதியில் சேர்ந்தால் தினமும் முட்டை கிடைக்கும் என்று யாரோ சொன்னார்களாம். "ஓட்டப் பந்தயத்துல எடம் முடிஞ்சிருச்சு. பாஸ்கெட்பால்ல ஒண்ணு காலியா இருந்துச்சு" என்றார். இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவுதான் போல என்றும் இருந்தது.

மறுவருஷம் தூத்துக்குடியில் டிவிஷன் போட்டி. இறுதி ஆட்டம்வரை போனோம். கடைசிப் பகுதிவரை நாங்கள்தான் முன்னால் இருந்தோம். பிறகு பதற்றம் வந்தது. பதற்றம் வந்ததும் எங்கள் கைகள் தாமாக எதிராளியைப் பிடிக்கப் போயின. நடுவர் விசிலுக்கு மேல் விசில் ஊதினார். தாயில்பட்டிக்காரி ஐந்தாவது ஃபவுலில் வெளியே போனாள். அவளுக்குப் பின்னாலேயே நானும் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு கூடை வித்தியாசத்தில் நாங்கள் தோற்பதைப் பார்த்தேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். இரண்டாம் பரிசுக் கோப்பையை வாங்க மிஸ் எங்களையும் இழுத்துக்கொண்டு போனார்.

பஸ் கோவில்பட்டியைத் தாண்டும்போது, முன் இருக்கையில் சாரும் மிஸ்ஸும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கை போகக் கூடாது மேடம். காலு மட்டும்தான் போகணும்."

"ஆளு தாண்டிப் போறப்ப கை சும்மா இருக்குமா சார்? இருக்கச் சொல்றது எம்புட்டுக் கஷ்டம்னு ஒங்களுக்குத் தெரியாது."

"அப்பக் கையைப் பின்னால கட்டிவிட்டுப் பழக்குவோம்."

"கட்டுவோம். மொதல்ல எனக்குக் கட்டுங்க. சரியா வருதான்னு பாப்போம்."

சாத்தூர் வந்து, இறங்குகிறவர்கள் இறங்கி, பஸ் கிளம்பியும் அவர்கள் நிறுத்தவில்லை. தாயில்பட்டிக்காரி என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். கோப்பை என் மடியில் இருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்கள் பேசுவது காதில் விழ வேண்டும் என்று ஜன்னலை மூடிவிட்டு, முன்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.