கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா

நாகலக்ஷ்மி டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. பாரிமுனையில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சர் பட்டம் அவருக்கு மின்சார ரயிலில் கிடைத்தது. தாம்பரத்தில் ஏறி லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், பீச் ஸ்டேஷன் வரும்வரை கொக்கி ஊசியும் நூலுமாகக் குரோஷா பின்னிக்கொண்டே போவார். பக்கத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள், கேட்டார்கள், கற்றுக்கொண்டார்கள். பல்லாவரத்தில் ஏறுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. பம்மல் செல்வமேரி என்றால் அந்தப் பெட்டியில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் நான் வாயை மூடினதே இல்லை. எனக்கு மட்டும் கடைசிவரை ஊசி பிடிபடவில்லை. உனக்கு ஆண்டவன் கைக்குப் பதில் இன்னொரு வாயை வைத்துவிட்டான் என்று டீச்சர் சொல்லிவிட்டார். கோபித்துக்கொண்டு நான் சாயம் போடப் போனேன். துணியை முடிந்து சாயத்தில் முக்குகிற வேலைக்கு வாய் ஓர் இடைஞ்சல் இல்லை.

வருஷா வருஷம் மார்கழியில் முடிச்சூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நூல் துணித் திருவிழா நடக்கும். மார்கழியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் ஈயோட்டும், அதனால் எங்களைப் போன்றவர்களுக்கும் கிடைக்கும். மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற ராஜா நாற்காலிகளில் நெசவுப் புடவைகளைப் பரப்பி வைத்திருப்பார்கள். சாப்பாட்டுக் கூடத்து நீள மேஜைகளில் டீச்சரின் குரோஷா வகுப்பு. அதே கூடத்தின் ஓரத்தில், கை கழுவும் குழாய் வரிசையில், என் சாய வகுப்பு. அங்கிருந்து பார்த்தால் டீச்சரின் முகமும் தெரியும், பேச்சும் கேட்கும்.

டீச்சருக்கு அந்த வகுப்பில் ஒரு விதி உண்டு. தொப்பி கேட்டால் சொல்லித் தருவார், பை கேட்டால் சொல்லித் தருவார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து யாராவது பிறக்கப்போகிற பிள்ளைக்குக் காலுறை கேட்டால் மட்டும் முடியாது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், காலை அளந்து சொல்லித் தருகிறேன் என்பார். டீச்சர் கறார் பேர்வழி என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அந்த விதி எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். எனக்குச் சிரிப்பு வராது.

இரண்டு மார்கழிக்கு முன்னால் அவர் மகள் நித்யஸ்ரீ மாசமாக இருந்தாள். நம் பக்கத்தில் பிள்ளை பிறப்பதற்கு முன்னால் ஒரு கிலுகிலுப்பைகூட வாங்கி வைக்க மாட்டார்கள். பிறந்த பிறகும் முதலில் சுற்றுவது துவைத்துத் துவைத்துப் பஞ்சான பழைய வேட்டியில்தான். இந்துவோ கிறிஸ்தவரோ, இதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. டீச்சர் கேட்கவில்லை. காலமெல்லாம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்தவர் அல்லவா, வருவது வரட்டும், ஏற்பாடு செய்து வைப்பதில் என்ன தப்பு என்றார். மஞ்சள் நூலில் ஒரு போர்வை பின்னினார். அப்படியொரு போர்வையை நான் பார்த்ததில்லை. எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. கடைசி முடிச்சை ஓரத்தில் விடாமல் பின்னலுக்கு உள்ளேயே கொண்டுபோய் ஒளித்து வைப்பது அவர் கைவேலை. அந்த வருஷத் திருவிழாவில் அதை எல்லோரும் பார்க்கத் தொங்கவிட்டார். நித்யஸ்ரீ வந்து வயிற்றின்மேல் போர்த்திப் பார்த்துச் சிரித்தாள். கையோடு வீட்டுக்கும் எடுத்துப் போனாள்.

பொங்கல் கழிந்த கையோடு ஏழாம் மாசத்திலேயே வலி வந்துவிட்டது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் கண்ணாடிப் பெட்டியில் உயிரோடு இருந்தது, அவ்வளவுதான். கடைசியில் பழைய வேட்டித் துண்டில் சுற்றி நித்யஸ்ரீயின் கையில் கொடுத்தார்கள். டீச்சர் கட்டிலின் தலைமாட்டில் நின்றிருந்தார். மகளின் உச்சி வகிடுதான் அவருக்குத் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அப்போது நித்யஸ்ரீ சொன்னாளாம், "கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதாம்மா."

வெளியே வராந்தாவில் சம்பந்தியம்மாள் முன்கூட்டியே பின்னி வைத்ததைப் பற்றி ஏற்கனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அதை டீச்சர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆனால் இது மகளின் வாய். அந்த நிமிஷத்திலிருந்து, தன் கையால்தான் குழந்தை போனது என்று நம்பத் தொடங்கிவிட்டார், மூட நம்பிக்கை என்று ஊருக்கே சொன்ன மனுஷி.

அதற்குப் பிறகு அவர் மகள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இவர் இருப்பது கிழக்குத் தாம்பரம், மகள் இருப்பது முடிச்சூர். நடுவில் இருப்பது தண்டவாளம்தான், கடல் இல்லை. அவர் கணவர் லக்ஷ்மிநாராயணன் சார் ஞாயிற்றுக்கிழமைகளில் தூக்குச் சட்டியில் வத்தக்குழம்பும் பருப்புத் துவையலும் எடுத்துக்கொண்டு போவார். டீச்சர் விடியற்காலையில் எழுந்து சமைத்துக் கொடுப்பார், போகமாட்டார். அம்மா ஏன் வரவில்லை என்று பெண் கேட்டால் சார் கால்வலி என்பார். நல்ல மனிதர், ஆனால் வீட்டில் யார் அழுதாலும் பேப்பரை விரித்துக்கொள்கிற ரகம். கேட்டுக் கேட்டு அந்தப் பெண்ணும் ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். அந்தக் கல் எதுவென்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இதையெல்லாம் டீச்சர் என்னிடம் மட்டும்தான் சொன்னார். நான் விடவில்லை. பார்க்கிறபோதெல்லாம் சண்டை போட்டேன்.

"ஒரு தபா போய் நேரா கேட்டுட்டு வாங்க டீச்சர். பொண்ணு இன்னா புலியா?"

"கேட்டு, அவ ஆமான்னு சொல்லிட்டா நான் எங்க போவேன் மேரி?"

அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து பயந்துதான் அவர் இளைத்துப் போனார். பெண்ணைப் பார்க்காமல் இருந்ததைவிட அந்தப் பயம்தான் அவரை அரித்தது.

இந்த வருஷத் திருவிழாவில் டீச்சரின் வகுப்புக்கு, பழைய பின்னலைப் பிரித்து அந்த நூலில் புதிதாகப் பின்னுவது என்று பெயர். ஆளுக்கொரு பழைய ஸ்வெட்டர் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். தாம்பரத்தில் ஏது ஸ்வெட்டர் என்று நான் கேலி செய்தேன். வந்தவை முக்கால்வாசியும் மங்கி கேப்புகள். நம்மூர் ஆண்கள் மார்கழிக் காலையில் ஏதோ காஷ்மீரில் இருப்பதுபோல மாட்டிக்கொண்டு வாக்கிங் போவார்களே, அவைதான். ஒரு பெண்மணி வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கொண்டுவந்ததாகச் சொல்லி, அவர் தேடுவதற்குள் பிரித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டாள். கூடமே சிரித்தது, டீச்சரும் சிரித்தார். பிரித்த நூல் நெளிந்து நெளிந்துதான் இருக்கும், உடனே பின்னினால் பின்னல் உட்காராது, வெந்நீரில் நனைத்துத் தொங்கவிட்டு நெளிவு போன பிறகே பின்ன வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வரிசையாக வந்தார். கடைசி மேஜைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

நித்யஸ்ரீ உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்தாள் என்று நானும் கவனிக்கவில்லை. ஆள் பாதியாகியிருந்தாள். முன்னால் மேஜைமேல் அந்த மஞ்சள் போர்வை.

வீட்டில் என்றால் டீச்சர் சமையலறைக்குள் போய்விடுவார். வகுப்பை விட்டு டீச்சர் எங்கே போக முடியும்? பெண் அதைத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தாள்.

"மாமியார் வீட்டுல இதைக் கடல்ல போடச் சொன்னாங்க, என்னால முடியலை. அப்படியே வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கவும் முடியலை. பிரிச்சுடலாம்னு பாத்தா முடிச்சு எங்க இருக்குன்னே தெரியலைம்மா."

டீச்சர் எதிரே உட்கார்ந்தார். போர்வையை மடியில் போட்டு விரலால் தடவிக்கொண்டே போய், ஓரிடத்தில் நகத்தால் நெம்பி, பல்லால் கடித்து நுனியை எடுத்தார். நூலை மகள் கையில் கொடுத்தார். இவர் பிரிக்கப் பிரிக்க அவள் உருண்டையாகச் சுற்றினாள். வரிசை வரிசையாகப் போர்வை கரைந்தது. என் மாணவிகள் சாயத் துணியை அலசாமல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். வேலையைப் பாருங்கள் என்று அதட்டினேன். ஆனால் நான் குழாயைக்கூட மூடவில்லை.

பாதிப் போர்வை போயிருக்கும். டீச்சர் தலையைத் தூக்காமல் பேசினார்.

"நான்தான் அவசரப்பட்டுட்டேன். நீ அன்னிக்குச் சொன்னது சரிதான்டி. பொறுத்திருந்திருக்கணும்."

"நான் என்ன சொன்னேன்?"

"ஆஸ்பத்திரியில. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதாம்மான்னு கேட்டியே."

நூல் சுற்றுகிற கை நின்றது. நித்யஸ்ரீ அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிய அவளுக்கு நேரம் பிடித்தது. எனக்கு அவளுக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது.

"உன்னையா? நான் பாப்பாகிட்ட பேசிட்டு இருந்தேம்மா. இன்னும் ரெண்டு மாசம் உள்ளயே இருந்திருக்கக் கூடாதான்னு அவளைக் கேட்டேன். அவளைத்தான் அம்மான்னேன்."

பெற்றவளையும் அம்மா என்கிறோம், பெற்ற பெண்ணையும் அம்மா என்கிறோம். பெயர் வைக்கக்கூட அவகாசம் கொடுக்காத குழந்தையை அவள் வேறு என்னவென்று கூப்பிடுவாள்? பக்கத்தில் இருந்த டீச்சர், அது தனக்கு என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

நான் முதலில் அப்பாடா என்றுதான் நினைத்தேன். பாவி மனுஷி மேல் இருந்த பழி இறங்கிவிட்டது, இனி அழுது தீர்த்துவிட்டு எழுந்திருப்பார் என்று நினைத்தேன். டீச்சர் அழவில்லை. மேஜைமேல் கையால் துழாவிக் கொக்கி ஊசியை எடுத்தார். பாதியில் நின்ற வரிசையில் அவிழ்ந்து கிடந்த கண்ணியில் ஊசியைக் கோத்து, பிரித்ததை மறுபடியும் பின்ன ஆரம்பித்தார். நெளிந்த நூல் உட்காரவில்லை. சற்று முன்னால் அவரே சொன்ன பாடம்தான். இழுத்து இழுத்துப் பின்னினார், கோணல் மாணலாக வந்தது, மறுபடி பிரித்தார், மறுபடி பின்னினார். அவர் கை தப்புச் செய்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

நித்யஸ்ரீ எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடும்மா. நீ வருவே, வருவேன்னு நான் வாசலையே பாத்துட்டு இருந்தேன். பால் கட்டிக்கிட்டு வலிச்சப்பகூட உன்னைத்தான் நினைச்சேன். அப்பாதான் வந்தார், தூக்குச் சட்டியோட. என்னைத் தனியா விட்டுட்டியேம்மா."

இந்த முறை அம்மா என்று அவள் யாரைச் சொன்னாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.