ஆறாவது துளை

நான் சுடாத ஒரு சூட்டுக்குப் பத்துப் புள்ளி வாங்கினேன். அதைச் சுட்டவர் யாரென்று எனக்குத் தெரியும். அவருக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு போட்டிதானே, அட்டையில் விழுந்த ஒரு துளைதானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துப் பார்த்தவள்தான். அந்த நினைப்பு ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை...

வங்கி வாசல்களில் இடுப்பில் ரிவோல்வருடன் நிற்கும் காவலர்களைப் பார்த்திருப்பீர்கள். தனியார் பாதுகாப்பு நிறுவனமொன்றில் எனக்கும் அந்த வேலைதான். யாழ்ப்பாணக் கிளையில் நாங்கள் பன்னிரண்டு பேர், பெண் நான் ஒருத்தி. எனக்குக் கோப்பாயில் காவல். தவராசா அண்ணைக்கு நல்லூரில். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கிளையிலேயே குறி தப்பாத நல்ல கைக்காரர்.

ஆண்டுக்கு ஒருமுறை எங்களுக்குள் சூட்டுப் போட்டி நடக்கும். அந்த முறை வெல்பவரே கிளையின் பயிற்றுநர் என்று முகாமையாளர் அறிவித்திருந்தார். அந்தப் பதவி எனக்கு வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஏன் தெரியுமா? "பொம்பிளையளுக்கு உந்தத் துவக்கு விசை பாரம்" என்று என் காதுபடவே பகிடி விட்டவர்கள் இனி என் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும்! தவராசா அண்ணை மட்டும் அந்தப் பகிடிக்குச் சிரிக்கமாட்டார். "அவள் சுடுவாள், பாருங்கோவன்" என்பார்.

வலிகாமத்தின் வடக்கு ஓரத்தில், கல் அகழ்ந்து கைவிட்ட பள்ளமொன்றில் போட்டி. பின்னால் உயர்ந்த மண் அணை. அதன் முன்னே நீளப் பலகை. பலகையில் ஆளுக்கொரு இலக்கு அட்டை, சுற்றுக்குச் சுற்று புதிது. மூன்று சுற்று, சுற்றுக்கு ஆறு சூடு. கடைசிச் சுற்றில் இருபது விநாடிக்குள் ஆறையும் சுட்டுவிட வேண்டும். அந்தச் சுற்றுக்கு வரும்போது தவராசா அண்ணை என்னைவிட இரண்டு புள்ளி முன்னால் நின்றார். எனக்கு இடப்பக்கம், அடுத்த மேசை அவருடையது.

விசில் ஊதியது. ஒன்று, இரண்டு, மூன்று... நான்காவதில் வெறும் 'டிக்'.

ரவை பழுது, தோட்டா வெடிக்கவில்லை. இதற்கு விதி இருக்கிறது. துப்பாக்கியை இலக்குப் பக்கமே பிடித்தபடி இடக்கையை உயர்த்த வேண்டும். அந்தச் சுற்றை அழித்துவிட்டு மறுபடி சுட விடுவார்கள். விதி என் பக்கம் இருந்தது என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள்! கையை உயர்த்தியிருந்தால் ஒரு குறையும் வந்திராது. ஆனால் முதல் மூன்று சூடும் நன்றாக விழுந்திருப்பது கைக்குத் தெரிந்தது. மறுபடி சுட்டால் இப்படி வருமா என்ற பயம். விசையை மீண்டும் இழுத்தேன். அடுத்த இரண்டும் வெடித்தன. நான்கு பேர் ஒரே நேரத்தில் சுடும் இடத்தில், காதை மூடிக்கொண்டு நிற்பவர்களுக்கு யார் எத்தனை சுட்டார் என்று கேட்குமா?

"வெறுமையாக்குங்கோ" என்றார் நடுவர்.

ரிவோல்வர், சுட்ட ரவைகளின் கோதுகளைத் தானாக வெளியே எறிவதில்லை. சுட்டதும் சுடாததும் அதன் வயிற்றிலேயே இருக்கும். உருளையைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தேன். ஐந்து வெற்றுக் கோதுகள். அடியில் சிறு பள்ளம் விழுந்த ஒரு முழு ரவை. நடுவர் என் வெறும் உருளையைப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். கோதுகளை எண்ணிக்கைக்காக மேசைத் தட்டில் போட்டுவிட்டு, ரவையை விரல்களுக்குள் பொத்திக்கொண்டேன். அட்டையைப் பார்க்கப் போகும்போது சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்... அப்படித்தான் இருந்தேன் என்று இப்போதும் நம்புகிறேன்.

அட்டைக்குக் கிட்டப் போனேன். ஆறு துளைகள்!

திரும்பி இடப்பக்க அட்டையைப் பார்த்தேன். ஐந்து.

அவசரச் சுற்றில் ஓர் அட்டை தள்ளிச் சுட்டுவிடுவது யாருக்கும் நடக்கும். தவராசா அண்ணைக்கும் நடந்திருக்கிறது. எனக்கு அது ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அந்த ஒரு நொடிதான் எனக்கு மிச்சம் இருந்தது. அதில் நான் என்ன செய்தேன்? திரும்பி நடந்து, போட்டிக்கு முன் பயிற்சியில் கவிழ்த்துக் கொட்டியதில் என் மேசையடியில் கிடந்த ஒரு வெற்றுக் கோதைக் குனிந்து எடுத்து, தட்டில் என் ஐந்தோடு சேர்த்துப் போட்டேன். ரவை என் காற்சட்டைப் பைக்குள் போயிற்று.

ஆறாவது துளை பத்தாம் வட்டத்தின் கோட்டோரம் இருந்தது. அப்படிச் சந்தேகமான துளைக்குள், துளைத்துப்போகும் சன்னத்தின் பருமனுக்கே செய்த உலோகக் கட்டை ஒன்றை ஒரேயொரு தடவை இறக்கிப் பார்ப்பார்கள். விளிம்பு கோட்டைத் தொட்டால் கூடிய புள்ளி. மறுபடி இறக்கக் கூடாது, துளை பெருத்துவிடும். நடுவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"பத்து" என்றார்.

ஏழு புள்ளியால் வென்றேன்.

அன்று கிளையிலிருந்து இணுவிலில் உள்ள என் வீட்டுக்குச் சைக்கிளில் போன வழி முழுவதும் அந்த ரவை தொடையை அழுத்திக்கொண்டிருந்தது. சட்டைப் பைக்குள் ஒரு ரவை அகப்பட்டால் என்ன ஆகும் என்று போர் கண்ட இந்த மண்ணில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் செத்தல்மிளகாய்ப் போத்தலுக்குள் புதைத்தேன். ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே யன்னலால் எட்டிப் பார்த்தேன். பயிற்றுநராகப் பொறுப்பேற்ற முதல் நாள், பழுதான ரவைகள் போடும் பெட்டிக்குள் அதைப் போட்டேன். யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவளே நான்தானே!

எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். பிறர் அட்டையில் சுட்டால் சுட்டவருக்குச் சுழியம், அது விதி. ஆகவே நான் வாய் திறந்திருந்தாலும் தவராசா அண்ணைக்கு அந்தப் பத்து கிடைத்திராது. உண்மைதான். ஆனால் அந்தச் சன்னம் எங்கே போனதென்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

போட்டி முடிந்து எல்லோரும் வாகனத்தில் ஏறிய பிறகும் அவர் பலகையை ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை விரலால் தடவித் தேடிக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போனேன்.

"எங்கை போயிருக்கும், பிள்ளை? பலகையிலைகூட ஓட்டை இல்லை."

"தெரியேல்லை, அண்ணை."

அந்த இரண்டு சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது...

இரண்டு வாரம் கழித்து, வேலையை விடப்போவதாகச் சொல்லி ரிவோல்வரை ஒப்படைக்க, ஆயுதப் பொறுப்பும் பார்க்கும் என்னிடமே வந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. முகாமையாளர் வேண்டாமென்றுகூடச் சொல்லிப்பார்த்தார்.

"கண் டொக்டரிட்டைக் காட்டினனான். கண்ணிலை ஒண்டும் இல்லையாம். அப்ப கைதான், பிள்ளை" என்றார். "வங்கி வாசலிலை சனம் நிக்கும். பலகையிலையே படாமல் போன சன்னம் அங்கை ஆரிலை படும்? எனக்குப் பயமாக் கிடக்கு."

அவர் ஆறு ரவைகளையும் ஒவ்வொன்றாக என் கையில் வைத்தார். அவருடைய விரல்கள் கொஞ்சமும் நடுங்கவில்லை. நடுங்கவில்லை என்பதை அவரே பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பற்றுச்சீட்டில் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். எவ்வளவு கேவலம்!

இப்போது அவர் நல்லூரில் ஒரு தனியார் வகுப்பு நிலையத்தில் சைக்கிள்களுக்கு இலக்கத் துண்டு கொடுக்கிறார். நான் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எத்தனை தடவை அந்த வாசல்வரை போயிருக்கிறேன் தெரியுமா? சொன்னால் என் பதவி போகும் என்ற பயம் ஒன்று. அவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்ற பயம் அதைவிடப் பெரிது. இரண்டுக்கும் நடுவில் நின்று, சுகம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

போன மாதம் தன் சேவைக் கடிதம் வாங்க அலுவலகத்துக்கு வந்தார். முகாமையாளர் என் வெற்றி அட்டையைச் சட்டம் போட்டுப் பயிற்சி அறைச் சுவரில் மாட்டியிருக்கிறார். தவராசா அண்ணை அதன் முன்னால் போய் நின்றார். வெகுநேரம் நின்றார். கண்டுபிடித்துவிட்டாரா? கண்டுபிடித்தால் நல்லதென்றுகூட ஒரு கணம் ஏங்கினேன்...

கண்ணாடிக்கு மேலாக அந்தத் துளையைத் தொட்டுக் காட்டினார்.

"மற்ற அஞ்சும் நல்ல சூடுதான். ஆனால் உது இருக்கே பிள்ளை, உது என்ன வடிவான சூடு! எனக்கு உப்பிடி ஒண்டு அண்டைக்கு விழுந்திருந்தால் நான் இந்த வேலையை விட்டிருக்கமாட்டன்." பிறகு சற்றுத் தயங்கிக் கேட்டார். "எப்பிடிச் சுட்டனீ?"

இதோ, இதுதான் நான் உங்களிடம் சொல்ல வந்தது. முன்பு செய்ததெல்லாம் ஒரு நொடியின் பேராசை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு என்ன பெயர்?

நான் விளக்கினேன். எந்த இடத்தில் மூச்சை நிறுத்தினேன், விசையை எப்படி இழுத்தேன், பார்வையை எதில் வைத்திருந்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். பயிற்றுநர் அல்லவா, சொற்கள் தட்டுத் தடங்கலில்லாமல் வந்தன. அவர் தன் வெறும் கையை நீட்டி, நான் சொன்னபடி விரலை மடக்கிப் பார்த்தார்.

"ஓம்... அதுதான் எனக்குப் பிழைச்சுப் போச்சு" என்றார்.

நன்றி சொல்லிவிட்டுப் போனார்.