இருக்கட்டுமா, போகட்டுமா?

ரிப்பேருக்கு வரும் போனைக் கையில் வாங்கியதும் சின்னவள் அதைத் திறக்க மாட்டாள். புரட்டி, அதன் முதுகைத் தன் இடது கன்னத்தில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்ப்பாள். குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்க்கிற முகம் அப்போது அவளுக்கு வந்துவிடும். கொண்டுவந்தவர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"சுடுதுண்ணே. உள்ள வேலை நடக்குது."

"என்ன வேலைம்மா? நான் ஒண்ணுமே பண்ணலை. நேத்து அப்டேட் போட்டேன், அவ்வளவுதான். இப்ப ஒரு நம்பரை அடிச்சா, நான் டீ குடிச்சிட்டு வந்ததுக்கப்புறம்தான் அது தெரியுது." வந்தவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். காத்திருந்து பழக்கமில்லாதவர்.

"நேத்துதானே புது வீட்டுக்குக் குடி வந்திருக்கு? ஜாமான் எல்லாம் கூடத்துலயே கிடக்கு. அடுக்கி முடிக்கிறதுக்குள்ள சோறு போடு, சோறு போடுன்னு நீங்க நின்னா அது எங்க போகும்? சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்குங்க. நடுவுல எந்திரிச்சு நோண்டாதீங்க. நாளைக்கும் இப்படியே இருந்தா கொண்டாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சும்மா இருக்கிறதுதான் மருந்து."

பாதிப் பேருக்கு இந்த மருந்திலேயே குணமாகிவிடும். தெருவில் அவளுக்குக் காய்ச்சல் டாக்டர் என்று பெயர். அந்தப் பெயரை யாராவது சொல்லும்போது அவள் முறைப்பாள். பக்கத்தில் தையல் மிஷினில் இருக்கும் பெரியவள்தான் சிரிப்பை அடக்க ஊசியைப் பல்லில் கடித்துக்கொள்வாள்.

அறை ஒன்று, தொழில் இரண்டு. வலப்பக்கம் அக்காவின் தையல் மிஷின், துணி வெட்டும் பலகை, ஆணியில் தொங்கும் கவுன்கள். இடப்பக்கம் தங்கையின் மேஜை, வளைகிற கழுத்துள்ள விளக்கு, திருகாணிகளைப் பிடித்து வைக்கும் காந்தத் தட்டு. இரண்டுக்கும் நடுவில் குட்டை முக்காலி. அதில் அம்மா, மடியில் பட்டன் டப்பாவோடு. தினமும் காலையில் சின்னவள் அக்காவின் சாக்குக்கட்டியை எடுத்துத் தரையில் ஒரு கோடு போடுவாள். நூல் துணுக்கும் பஞ்சும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.

"சார்ஜ் ஏறலைன்னு வர்ற போன்ல பாதி உன் பஞ்சுதான்க்கா இருக்கு."

"அப்ப உன் தொழிலே என்னாலதான் ஓடுதுன்னு சொல்லு."

இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்பதைப் பெரியவள் வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். கேட்டவர்களுக்கே திரும்பவும் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு முதலில் வந்தது பட்டன் வைத்த போன். மூன்று பேருக்கும் அது ஒன்றுதான். அம்மா அதற்கு மிச்சத் துணியில் பை தைத்து ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். ஐந்தாம் எண் தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் அழுத்தினால் அமுங்குவதோடு சரி, எண் விழவில்லை. அன்று மத்தியானம் அம்மா கடைக்குப் போய்த் திரும்பியபோது, பள்ளிக்கூடச் சட்டைகூட மாற்றாமல் சின்னவள் தரையில் உட்கார்ந்து, தையல் பிரிக்கிற கத்தியால் போனைப் பிரித்து வைத்திருந்தாள். அம்மா கையை ஓங்கினாள். அவசர அவசரமாக மூடிய போன் அந்த நேரம் பார்த்து மணியடித்தது. ஓங்கிய கை அப்படியே இறங்கி வந்து போனை எடுத்தது. "யாரு? ஆமா, தச்சாச்சு, வந்து வாங்கிக்க" என்று பேசிவிட்டு வைத்த அம்மா, "அடிச்சிருப்பேன், அதுக்குள்ள அதுவே கூப்பிட்டுக் கெஞ்சிருச்சு" என்றாள். போனை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தாள். ஐந்தாம் எண்ணை ஒருமுறை அழுத்தினாள். விழுந்தது.

அந்தப் போனுக்கு அப்டேட் என்று ஒன்று கிடையாது. வாங்கிய அன்று எப்படி இருந்ததோ கடைசிவரை அப்படியே இருந்தது. அதை நினைக்கும்போது பெரியவளுக்கு அந்தத் துணிப் பையின் பூப்போட்ட ஓரம்கூட ஞாபகம் வரும்.

சின்னவளிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. வேகம் குறைந்த போன் மறுநாளும் தேறவில்லை என்றால், இடம் நிரம்பி மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். எதையாவது அழிக்க வேண்டும். மற்ற கடைகளில் ஒரே அமுக்கில் முடிந்துவிடுகிற வேலை இது. இவளோ உரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் காட்டி, "இருக்கட்டுமா? போகட்டுமா?" என்று கேட்பாள். அவர் சொல்லாமல் எதுவும் போகாது. போகட்டும் என்று சொல்லிவிட்டால் எதுவும் மிஞ்சாது. போனுக்குள் இருக்கும் குப்பைக்கூடையையும் திறந்து, காலியாக இருப்பதைக் காட்டிவிட்டுத்தான் போனைக் கொடுப்பாள்.

அதே வேன் டிரைவர் மறுநாளும் வந்தார். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப் பூக்களை எல்லாம் போகச் சொன்னார். அவர் மாற்றிய பஞ்சர் டயர்களின் படங்களை எல்லாம் இருக்கச் சொன்னார். மைத்துனர் படம் வந்ததும் முகம் கடுத்தது. "போகட்டும். அவன் போகட்டும்." போயிற்று. அடுத்த வாரம் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, விரலால் முழங்காலில் தாளம் போட்டபடி, "அது எங்கயாச்சும் ஒட்டிக்கிட்டு இருக்குமாம்மா? சமாதானமாயிட்டோம்" என்றார்.

"இல்லண்ணே. நீங்கதானே போகட்டும்னீங்க."

"நீ ஒண்ணு எடுத்து வச்சிருக்கக் கூடாதா?"

"உங்க வீட்டுக் கதையை நான் எப்படிண்ணே வச்சுக்கிறது? அவரை நேர்ல பார்த்துப் புதுசா ஒண்ணு எடுங்க."

கல்நெஞ்சுக்காரி என்று சிலர் சொன்னார்கள். ஆனாலும் பூட்டைத் திறக்கும் ரகசிய எண்ணைச் சொல்லிப் போனை அவளிடம் விட்டுவிட்டுப் போக யாருக்கும் பயமில்லை. பெரியவளுக்கு அதில்தான் பெருமை.

அந்த அறையில் முன்பெல்லாம் அதிகம் கேட்டது மிஷின் சத்தமோ போன் மணியோ அல்ல, அம்மாவின் குரல். தெருமுனையில் போகிறவர்களைப் பெயர் சொல்லி நிறுத்தி, போன மாதம் தைத்த பேண்ட் இறுக்குகிறதா என்று கேட்கிற குரல். இரண்டு வருஷத்துக்கு முன் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. இப்போது பட்டன் டப்பாதான் பேசுகிறது. விரலால் ஒரு தட்டு தட்டினால் ஆமாம். இரண்டு தட்டினால் இல்லை. டப்பாவைத் தூக்கிக் குலுக்கினால் திட்டுகிறாள் என்று பொருள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்த முதல் மாதமே மகள்கள் இருவரும் அந்தக் குரலைத் தேடினார்கள். எங்கும் இல்லை. போனில் பேசியது எல்லாம் காற்றோடு போனது. கேமராவைக் கண்டால் அம்மா வாயை மூடிக்கொண்டு படத்துக்கு நிற்பாள். "ஊர் உலகத்துப் போனை எல்லாம் பாக்கிறேன், நம்ம அம்மா குரல் ஒரு துளி இல்லையேக்கா" என்று சின்னவள் ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

பெரியவளின் போனுக்கும் போன வாரம் அந்த அப்டேட் வியாதி வந்தது. அப்டேட் போடவா, போடவா என்று அது தினமும் கேட்டிருக்கிறது. எத்தனை நாள்தான் முகத்தில் அடித்த மாதிரி வேண்டாம் என்பது என்று, பாவம் பார்த்துச் சம்மதித்துவிட்டாள். அதிலிருந்து கூப்பிட்டால் அடுத்த தெருவிலிருந்து நடந்து வருகிற மாதிரி வந்தது. தங்கையிடம் சொன்னால் திட்டுவாள். அதனால் ஊசி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, நாலு தெரு தள்ளி இருந்த கண்ணாடிக் கடையில் கொண்டு காட்டினாள். அங்கே இருந்தவர் டோக்கன் ஒட்டி, பார்த்துவிட்டு, "மொத்தமா அழிச்சிட்டா புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். பெரியவளும் தலையாட்டத்தான் போனாள். பேக்கரிக்காரம்மா மகளின் கல்யாணத் துணிகளுக்கான அளவுகள் உள்ளே இருக்கிறதே என்று கடைசி நிமிஷத்தில் நினைவு வந்து, போனைப் பிடுங்கிக்கொண்டு வீடு வந்தாள். டோக்கனைக் கிழிக்க மறந்துவிட்டாள்.

சின்னவள் போனைக் கன்னத்தில் வைத்தாள். டோக்கன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

"என்னக்கா இது?"

"அது... ஊசிக் கடைக்காரன் ஒட்டினான்."

"ஊசிக்கு டோக்கனா? ரெண்டு எட்டு வச்சா என் மேஜை. நீ நாலு தெரு நடந்து போயிருக்க."

"திட்டுவேன்னு பயந்துட்டேன்டி."

"போனுக்குப் போய்ப் பாவம் பார்த்த ஒரே ஆள் நீதான்." அம்மாவின் டப்பா குலுங்கியது. யாரைத் திட்டுகிறாள் என்று இருவருக்கும் புரியவில்லை.

அன்று மத்தியானம் பேக்கரிக்காரம்மா மகளுக்குப் போட்டுப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் போன் தேற வேண்டும். திறந்து பார்த்தால் உள்ளே முக்கால்வாசி இடத்தை அடைத்திருந்தது பெரியவளின் குரல்தான். அளவெடுக்கும்போது இரண்டு கையும் டேப்பில் இருக்கும், எழுத ஆள் கிடையாது. வாய்விட்டுச் சொல், போன் கேட்டு வைத்துக்கொள்ளும் என்று பல வருஷத்துக்கு முன் சொல்லிக் கொடுத்ததே சின்னவள்தான். துணி தைத்து முடிந்ததும் அக்கா அதைத் திரும்பிப் பார்த்ததில்லை.

"அத்தனையும் பழைய அளவுடி. அந்தத் துணியெல்லாம் இந்நேரம் கரித்துணி ஆயிருக்கும். மொத்தமாப் போகட்டும்."

"மொத்தமாங்கிற பேச்சு இந்த மேஜையில கிடையாது."

"என் குரலை நான் சொல்றேன், போகட்டும்னு. உனக்கு என்ன?"

"கேட்டுட்டுச் சொல்லு. இல்லன்னா நான் கேட்டுட்டுச் சொல்றேன்." காதில் ஒயரைச் செருகிக்கொண்டாள். பெரியவள் கோபத்தில் மிஷினை வேகமாக மிதித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது, சின்னவள் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகத் தன்னுடைய போனை எடுத்து அக்காவின் போனை ஒட்டி வைத்தாள். இரண்டிலும் ஏதோ தொட்டு, அதிலிருந்து இதற்கு ஏறி முடியும்வரை காத்திருந்தாள். அதற்கப்புறம்தான் ஒயரை உருவினாள்.

அறைக்குள் பழைய மிஷின் சத்தம் கேட்டது. பெரியவளின் குரல், "தோள் பதினாலு, கை ஒம்பதரை, இடுப்பு இருபத்தெட்டு" என்றது. அதற்குப் பின்னால் இருந்து இன்னொரு குரல்:

"ஒரு விரல் விட்டு வைடி. பொண்ணு சாப்பிட வேணாமா?"

முக்காலியில் இருந்த அம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள் போலிருக்கிறது. அடுத்ததும் ஓடியது. "அந்த ஆளு வயித்த உள்ள இழுத்துக்கிட்டு நிக்கிறாரு. முதல்ல மூச்சு விடச் சொல்லு, அப்புறம் அள!" அம்மாவின் கையில் இருந்த ஊசி பாதித் துணியில் நின்றது. தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் தோள் இரண்டும் குலுங்கின. சத்தமே இல்லாத சிரிப்பு அது, கண்ணில் நீர் வரும்வரை நிற்கவில்லை. பெரியவள் மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டாள். கண்ணாடிக் கடையில் பாதி ஆட்டிய தலை அவளுக்கு நினைவு வந்தது. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாவதாக ஓடியது: "பேக்கரிக்காரிக்கு எத்தனை தடவை தச்சாலும் திருப்தி கிடையாது. மகளுக்குன்னு துணி கொடுப்பா, மிச்சத்துல தனக்கொண்ணு வெட்டச் சொல்லுவா, நீ வேணா பாரு."

அதே நேரத்தில் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். "உள்ள வரலாமாம்மா?" பேக்கரிக்காரம்மாவேதான், மகளோடு.

சின்னவளின் விரல் சத்தத்தை நிறுத்தியது. அம்மாவின் முகத்தில் சிரிப்பு போய்க் கலவரம் வந்தது. டப்பாவைக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினாள். வந்தவர்கள் அது வரவேற்பு என்று நினைத்துச் சிரித்தார்கள். பெரியவள் பெஞ்சைத் துடைத்து அவர்களை உட்கார வைத்தாள்.

சின்னவள் கோட்டைத் தாண்டி வந்து, முக்காலியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எல்லாரிடமும் கேட்கிற அதே குரலில், ஆனால் அம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"இது உன்னோடது. இருக்கட்டுமாம்மா?"

டப்பாவில் இரண்டு தட்டு.

"எல்லாமேவா? போகட்டுமா?"

அம்மா பேக்கரிக்காரம்மாவை ஒரு முறை பார்த்தாள். சின்னவளின் முகத்தை ஒரு முறை பார்த்தாள். அழுத்தமாக ஒரு தட்டு.

"சரி."

கல்யாண அளவுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் போக்கினாள். குப்பைக்கூடையைத் திறந்து, அதையும் காலி செய்து, வெறும் திரையை அம்மாவுக்குக் காட்டினாள். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஊசியைக் கையில் எடுத்தாள். அக்காவின் போன் தொட்டதும் திறந்தது.

"மகளுக்கு வெட்டினது போக மிச்சத் துணி இருக்குமே, எனக்கு ஒண்ணு வருமா பாருங்களேன்" என்றாள் பேக்கரிக்காரம்மா. பெரியவள் பதில் சொல்ல வாயைத் திறந்து, அப்படியே தங்கையின் பக்கம் திரும்பினாள்.

சின்னவள் தன் மேஜையில், எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சொந்தப் போன் கையில் இருந்தது. அதைப் புரட்டி, அதன் முதுகை இடது கன்னத்தில் வைத்து, சூடு ஆறும்வரை எடுக்கவில்லை.