பிரிந்த தேதி

வெளிநாட்டு நிதியில் நடக்கும் நிவாரண நிறுவனம் ஒன்றில் அவள் மொழிபெயர்ப்பாளர். கணக்கு, சம்பளம், நிர்வாகம் என்று தலைமையகம் அனுப்பும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் சொல் பிடித்துக் கொடுப்பது வேலை. ஒன்றை முடிவு செய்துவிட்டால் யார் சொன்னாலும் மாற்றமாட்டாள். அதனால் கூட வேலை பார்ப்பவர்கள் அவளை ‘அகராதி’ என்றார்கள், இரண்டு அர்த்தத்திலும்தான்.

ராஜினாமா, ஓய்வு, மரணம், ஆள் எப்படிப் போனாலும் தலைமையகத்துக்கு ஒரே சொல். அவளும் ‘பிரிவு’ என்று ஒன்றையே வைத்தாள். கச்சிதமாக இருக்கிறதென்று மேலாளர் பாராட்டினார்.

அந்த மழைக்காலத்தில் அலுவலக ஜீப்பை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஜீப் கிடைத்தது. ஓட்டுநர் கிடைக்கவில்லை. தேடி ஓய்ந்தபின் அவர் மனைவிக்குக் கடிதம் போனது: ‘தங்கள் கணவர் எமது நிறுவனத்திலிருந்து பிரிந்துவிட்டபடியால்...’

ஓட்டுநரின் மனைவி கடிதத்தோடு அலுவலகத்துக்கே வந்து நின்றாள். வாசலில் இருந்தவர்கள் அகராதியைக் கூப்பிட்டார்கள்.

“பிரிஞ்சு போயிட்டாருன்னு எழுதியிருக்கீங்க. எங்க போறேன்னு ஏதாவது சொன்னாராக்கா?”

அது அலுவலகச் சொல் என்று அகராதி விளக்கிப் பார்த்தாள்.

“அப்ப செத்துட்டாங்கன்னா வேற வார்த்தை போடுவீங்கல்ல?”

“இல்லம்மா. அதுக்கும் இதேதான்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தப் பெண்ணின் முகம் தெளிந்துவிட்டிருந்தது. இரண்டில் எதுவாகவும் இருக்கலாமே.

வாடகை வீடு மாறியபோது மறுபடி வந்தாள். அவர் வந்தால் கொடுக்கச் சொல்லிப் புது முகவரியை ஒரு சீட்டில் எழுதி நீட்டினாள். அகராதியால் வாங்காமல் இருக்க முடியவில்லை. அதன்பின் ஷெட்டில் வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டாலே அவள் கை தானாக மேசை இழுப்பறைக்குப் போனது. அந்த ஓட்டுநர் எப்போதும் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டுவார். ஒரு மத்தியானம் அந்தத் தட்டல் கேட்டது. சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஷெட்டில் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை.

மறுநாளே தலைமையகத்தோடு மல்லுக்கு நின்றாள். ஒரே சொல்தான் வசதி என்றார்கள். அவள் விடுவதாயில்லை. கடைசியில் மரணத்துக்குத் தனிச் சொல் கிடைத்தது. திருத்திய கடிதத்தைத் தபாலில் போட மனம் வராமல் தானே கொண்டுபோனாள்.

ஓட்டுநரின் மனைவி நின்றபடியே படித்தாள். அழவில்லை.

“உள்ள மாமியார் இருக்காங்க. அவங்ககிட்டயும் நீங்களே சொல்லிடுங்கக்கா. எனக்கு வாய் வராது.”

அகராதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

அந்த அம்மா கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, “என்னைக்கு? வருசாவருசம் படைக்கணும்ல?” என்றாள்.

அது யாருக்கும் தெரியாது. கடிதத்தில் இருந்தது ஒரு மாதக் கடைசித் தேதி. சம்பளக் கணக்கை முடிக்கத் தோதாக இருக்கட்டும் என்று கணக்கர் போட்டது. அகராதி அதையே சொன்னாள். அந்த அம்மா தேதியை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்த அகராதி அப்படியே எழுந்து வந்துவிட்டாள்.

அந்த வீட்டிலிருந்து பிறகு யாரும் வரவில்லை. ஆனால் ஆண்டுதோறும் அந்தத் தேதியில், கணக்கு முடிக்கிற நெருக்கடியிலும், அகராதி வேலைக்கு வருவதில்லை. கேட்டால் உடம்புக்கு முடியவில்லை என்பாள்.