அவரையும் குடிக்கச் சொல்லுங்க

மகனுக்கு வயிற்றில் கீரிப்பூச்சித் தொல்லை, ராத்திரியெல்லாம் அரிப்பு. "வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து குடிக்கணும், இல்லாட்டி மறுபடி ஒட்டிக்கும்" என்றார் ஆம்பூர் டாக்டர். நானும் பிள்ளைகளும் குடித்துவிட்டோம். தோல் தொழிற்சாலைக்குப் போயிருந்த கணவர் மட்டும் பாக்கி. அந்தப் பக்கம் கிளம்பிய எதிர்வீட்டு பானு அக்காவிடம், "நாங்க பூச்சி மருந்து குடிச்சிட்டோம், அவரையும் வந்து குடிக்கச் சொல்லுங்க" என்றேன். அன்று காலைதான் எனக்கும் அவருக்கும் தெருவே கேட்கும்படி சண்டை நடந்திருந்தது.

கால் மணி நேரத்தில் அவரும் நான்கு தோஸ்துகளும் ஜட்கா வண்டியில் வந்து குதித்தார்கள். "அடிப்பாவி, வயலுக்கு அடிக்கிறதையா குடிச்சே?" என்று கதறினார். நான் வடை சுட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னாங்க நீங்க! இது வயித்துப் புழுவுக்கு" என்று சிரப் பாட்டிலை நீட்டினேன். மருந்தென்றாலே ஓடுகிறவர் மறுபேச்சில்லாமல் குடித்தார்.

மகனுக்கு அரிப்பு நின்றது. இப்போது நான் "வயித்துப்பூச்சி மருந்து" என்று முழுசாகத்தான் சொல்கிறேன். முக்கியமாக, சண்டை போட்ட நாளில் சொல்லியனுப்புவதே இல்லை.