கடிகாரக்காரரின் ரம்பம்

சுவர்க்கடிகாரத்தின் முதுகைச் சின்னத் திருப்புளியால் திறந்துகொண்டே கடிகாரக்காரர் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு இடுப்புக்குக் கீழே பலமில்லை; பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ் நான். விரல்கள் மட்டும் சொன்னபடி கேட்டன. அவர் காலை மடக்கி நீட்டியபடி, "வலிக்குதா?" என்று கேட்டிருந்தேன். பதில் அவர் கடை திறந்த வருஷத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

வீட்டில் அவருக்குப் பெயர் ரம்பம். நிறையப் பேசுகிற எல்லோரையும் அப்படிச் சொல்வதில்லை. வாயாடியின் பேச்சை உட்கார்ந்து ரசிக்கலாம். ரம்பத்திடம் மாட்டிக்கொள்ளத்தான் முடியும். இவர் கடிகாரம் பழுது பார்ப்பதைப் போலவே பேசுவார்: கடைசித் திருகாணி வரை கழற்றிவிட்டுத்தான் என்ன கோளாறு என்று வாயைத் திறப்பார். அதுவரை யார் இருக்கிறார்கள்?

அன்று மாலை மகனும் மருமகளும் வந்தார்கள். முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டது.

"அப்பா, நாளைக்குக் காலையில வண்டி வருது. சம்மதம்தானே?"

"அது இல்லப்பா, இந்த வீட்டுக்கு நாங்க குடிவந்தப்ப ஜன்னலுக்குக் கதவே கிடையாது. உங்கம்மா என்ன பண்ணா..."

"ஐயோ மாமா, ரம்பத்தை ஆரம்பிச்சிட்டீங்களா?" மருமகள் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்னா சொல்லியிருப்பாரு," என்று மகனும் எழுந்துவிட்டான்.

அவர்கள் போனதும் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "போக இஷ்டமா இல்லையா? ஒரு வார்த்தை போதுமே ஐயா!"

"அதைத்தாம்மா சொல்லிட்டு வந்தேன். அந்த ஜன்னல்..."

"ஜன்னலை விடுங்க!"

"விட்டா எப்படிப் புரியும்?"

தலையில் அடித்துக்கொண்டேன். பேச்சே வராத நோயாளிகள்கூட என்னை இந்தப் பாடு படுத்தியதில்லை. மகனுக்கு ஃபோன் போட்டேன். "அவருக்கு வர இஷ்டமில்ல தம்பி."

"நீங்க சொன்னா எப்படிம்மா? அவரு வாயால சொல்லட்டும்."

மறுநாள் காலை வண்டி வந்தது. மகன் உள்ளே வந்ததும் கதவைத் தாழிட்டேன். நாற்காலியைப் போட்டு, அவன் கைபேசியை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"உக்காருங்க தம்பி. ஐயா, நீங்க ஆரம்பிங்க."

ஜன்னல் வந்தது. மழை வந்தது. கதவு செய்த தச்சர் வந்தார், தச்சரின் மாமனார் வந்தார். வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். மகன் எழப்பார்த்தான், முறைத்தேன், உட்கார்ந்தான்.

கடைசியாக அவர் சொன்னார்: "இந்த ஜன்னல் வெளிச்சம் அங்க இருக்காதுப்பா. வெளிச்சம் இல்லாம என்னால வேலை பாக்க முடியாது. நான் வரல."

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்னப்பா?"

"முதல்ல இருந்துதானேப்பா சொன்னேன்!"

மகன் எழுந்தான். தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு போய், வண்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினான்.