நிறமில்லாத பூச்சு

எங்கள் பெரியப்பாவுக்குத் தெருவில் 'டபுள் பூட்டு' என்று பெயர். ஓய்வு பெறும்வரை பார்சல் ஆபீசில் சீல் சரிபார்ப்பவராக இருந்தார். வருகிற மூட்டை ஒவ்வொன்றும் வழியில் பிரிக்கப்பட்டதுதான் என்ற முடிவோடு பார்ப்பது அவர் வேலை. ஆபீஸ் அவரை விட்டுவிட்டது, அந்த வேலை விடவில்லை. பால்காரர் பால் ஊற்றும்போது பாலைப் பார்க்க மாட்டார், பால்காரரின் கட்டை விரலைப் பார்ப்பார்.

அவர் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் ஒரு பழைய கார். என் அப்பா பிறக்கும் முன்பே ஓடத் தொடங்கிய வண்டி. டைனமோ, ஹாரன், பேட்டரிக்கு சார்ஜ் போவதைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டி எல்லாமே முதலில் பொருத்தியவைதான். வயர்களைச் சுற்றியிருந்த துணிதான் தொட்டால் பொடியாக உதிரும். ஒரு நாள் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது.

சரி செய்ய வந்தவர் பெரியம்மாவின் தம்பி. ஆட்டோ எலக்ட்ரிஷியன் என்பதால் எல்லோருக்கும் 'கரண்ட்'. எனக்குக் கரண்ட் மாமா. ஒரு டார்ச் லைட் காணாமல் போனபோது பெரியப்பா கேட்ட ஒரு கேள்வியால் பல வருஷம் இந்த வீட்டுப் பக்கமே வராமல் இருந்தவர். டார்ச் சோபாவுக்கு அடியில் கிடைத்தது. அதை யாரும் அவரிடம் போய்ச் சொல்லவில்லை.

"எனக்கு இருக்கறது ஒரே தம்பி. மறுபடியும் அவனை விரட்டிடாதீங்க," என்று பெரியம்மா முன்கூட்டியே சொல்லி வைத்தார்.

"நான் ஏன் விரட்டறேன்? அவன் ஒழுங்கா இருந்தா நானும் ஒழுங்கா இருப்பேன்."

கரண்ட் மாமா பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். அக்கா கணவரை அவர் 'மாமா' என்றுதான் கூப்பிடுவார். "மாமா, இந்த டைனமோ, கட்-அவுட் எல்லாத்தையும் தூக்கிட்டுப் புதுசு போட்டுக்கலாம். தலைவலியே இருக்காது."

"தூக்கினது எங்க போகும்?"

"எங்க போகும்? நீங்க தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத் தூங்குங்க."

"வேணாம் மாப்ள. கழட்டு, சுத்தம் பண்ணு, அதையே மாட்டு. ஒரிஜினலுக்கு ஆளுங்க நாயா அலையறாங்கன்னு கேள்விப்பட்டேன்."

மாமா ஸ்பேனரை எடுத்தார். ஷெட்டிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, துருவைத் தேய்த்து, சோதித்து, ஓர் அட்டைப்பெட்டியில் வைத்தார். பிறகு வயர்களை மாற்றத் தொடங்கினார். அது இழுத்துக்கொண்டே போனது.

பெரியப்பாவின் கண் இப்போது மாமாவின் பைமேல் விழுந்தது. "வரும்போது ஒல்லியா வருது, போகும்போது குண்டா போகுது, கவனிச்சியா?" என்று என்னிடம் கேட்டார். அவர் சொன்ன பிறகு எனக்கும் அது குண்டாகத்தான் தெரிந்தது. சந்தேகம் சளி மாதிரி, பக்கத்தில் நின்றாலே பிடித்துக்கொள்கிறது.

அன்று சாயங்காலம் என்னிடமிருந்த நகப்பூச்சைக் கேட்டார். சிவப்பை நீட்டினேன்.

"இது வேணாம். நிறமில்லாதது இருக்கா?"

அட்டைப்பெட்டியில் இருந்த ஒவ்வொரு சாமானிலும் கண்ணுக்கு எட்டாத ஓர் இடத்தில் பூசினார். கட்-அவுட்டைக் கவிழ்த்து அதன் கால்களுக்கு அடியில் தாராளமாகவே தடவினார். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் லேசாகப் பளபளத்தது.

"மாமாவையா சந்தேகப்படறீங்க?"

"சந்தேகமெல்லாம் இல்லம்மா. ஒரு ஜாக்கிரதை. பெரியம்மாகிட்ட மூச்சு விடாத."

ஒருவழியாக வயரிங் முடிந்து மாமா எல்லாவற்றையும் மாட்டினார். இன்ஜின் ஓடியது, ஹாரன் அலறியது. ஆனால் டாஷ்போர்டின் சிவப்பு விளக்கு அணையவில்லை. இன்ஜின் வேகம் எடுத்ததும் அது அணைய வேண்டும். அணையாவிட்டால் பேட்டரிக்குச் சார்ஜ் போகவில்லை என்று அர்த்தம்.

மாமா நெற்றியைச் சுருக்கினார். "சோதிச்சப்போ நல்லாத்தானே இருந்துச்சு?"

பெரியப்பா இத்தனை நாள் காத்திருந்த குரலில் சொன்னார்: "நீ சோதிச்சது ஒண்ணு, மாட்டினது ஒண்ணோ என்னவோ."

கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெரியம்மாவின் கை அப்படியே நின்றது.

"என்ன சொல்றீங்க மாமா?"

"கட்-அவுட்டைக் கழட்டு. அடியில என் அடையாளம் இருக்கான்னு பாக்கணும்."

மாமா கழற்றிக் கொடுத்தார். பெரியப்பா வாசலுக்குப் போய் வெயிலில் சாய்த்தார். பளபளத்தது. மறுபக்கமும் சாய்த்துப் பார்த்தார். மாமா அதை வாங்கி, விரலால் தடவி, நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்தார்.

"நகப்பூச்சா? மாமா, இந்தக் கால் வண்டி பாடியில ஒட்டினாத்தான் எர்த் கிடைக்கும், நடுவுல பூச்சு இருந்தா கரண்ட் பாயாது. நான் தேய்ச்சு வெச்ச இடத்துல நீங்க மெழுகி வெச்சிருக்கீங்க."

யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா உள்ளே போய் பிளேடு எடுத்து வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பூச்சைத் தானே சுரண்டினார். மறுபடி மாட்டி இன்ஜினை முடுக்கியதும் விளக்கு அணைந்தது.

மாமா இன்ஜினை நிறுத்தினார். தன் பையை எடுத்து வந்து பெரியப்பாவின் காலடியில் கவிழ்த்தார். கருகிய வயர்கள், துணித் தூள், ஸ்பேனர்கள், ஒரு சாப்பாட்டு டப்பா.

"நல்லா பார்த்துக்குங்க."

"எடுத்து வை மாப்ள," என்றார் பெரியப்பா. குனிந்த தலை நிமிரவில்லை. அப்படியே சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து நீட்டினார். "ஓட்டிப் பார்த்தாத்தானே வயரிங் நிக்குமான்னு தெரியும். உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. ரெண்டு நாள் வெச்சிரு."

அவர் இல்லாமல் அந்தக் கார் கேட்டைத் தாண்டியதே கிடையாது. மாமா கையை நீட்டவில்லை. பெரியம்மா ஈரக் கையோடு வந்து சாவியை வாங்கித் தம்பியின் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"ஓட்டுடா. உன் வீட்டுல ஒரு காபி குடிச்சிட்டு வரேன்."

கார் தெருமுனை திரும்பியது. பெரியப்பா கேட் அருகிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"பெட்ரோல் முள்ளு எதுல நின்னுச்சு, பார்த்தியா?"

"இல்ல பெரியப்பா."

"நானும் பார்க்கல," என்றார்.